அளவு ஜாக்கெட்

"இது எனக்குத் தைச்சதுதானா சரசக்கா?"

கண்ணாடி முன்னால் நின்றிருந்த தமயந்தி, தோளிலிருந்து நழுவிய ஜாக்கெட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மயில் கழுத்து நிறப் பட்டு. இந்த நாளைக்கென்றே எடுத்து வைத்திருந்த புடவைக்குத் தைத்த ஜாக்கெட். கைப்பட்டியில் இரண்டு விரல் நுழைந்தது. முதுகில் உள்ளங்கையே நுழையும் போலிருந்தது.

சரசக்கா ஆய்வகத்தின் கேன்டீனை நடத்துகிறவள். மத்தியானப் பந்தி முடிந்ததும் மூலையில் தையல் மெஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வால்பாறைக்கு மேலே, மலையைக் குடைந்து கட்டியிருந்த அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண்கள் அத்தனை பேருக்கும் அவள்தான் தையற்காரி.

"நீங்க குடுத்த அளவு ஜாக்கெட்டை வெச்சுத்தானுங்க அம்மிணி வெட்டுனேன். ஒரு நூலு கூடக்கொறைய இல்லீங்க. அது உங்க கல்யாண ஜாக்கெட்டுங்களாமா? அப்பப் பூசுனாப்புல இருந்திருக்கீங்க. ஜாக்கெட்டு பெருசாகலீங்க. நீங்கதான் சுருங்கிப் போயிட்டீங்க."

தமயந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதைக் கண்டுபிடிக்கத்தான் சரசக்கா நாங்க பதினோரு வருஷமா மலைக்குள்ள உட்கார்ந்திருக்கோம். நீங்க ஒரு நிமிஷத்துல சொல்லிட்டீங்க."

"என்னத்தைங்க?"

"வானத்துல இருக்கிற நட்சத்திரக் கூட்டமெல்லாம் நம்மை விட்டு ஓடிக்கிட்டே இருக்கு, பிரபஞ்சம் விரிஞ்சுக்கிட்டே போகுதுன்னு சொல்வாங்கல்ல?"

"டிவில பார்த்திருக்கனுங்க. பலூன் ஊதறாப்புல."

"எங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாருன்னா, வானம் விரியவே இல்லை, நாமதான் சுருங்கறோம். நான், நீங்க, இந்த ஊசி, உங்க இஞ்சு டேப்பு, பூமி, சூரியன், எல்லாத்துக்குள்ளயும் இருக்கிற அணு வருஷா வருஷம் துளித்துளியா சின்னதாகுது. டேப்பு சுருங்கினா துணி நீளமாத்தானே தெரியும்?"

சரசக்கா வாயில் கவ்வியிருந்த ஊக்கை எடுத்துவிட்டு யோசித்தாள். "அதெப்படிங்க கண்டுபுடிக்கறது? டேப்பும் சுருங்குது, நானும் சுருங்கறேன், இடுப்பும் சுருங்குது. முப்பத்தாறுன்னா என்னைக்கும் முப்பத்தாறுதானுங்க வரும்?"

"அதுக்குத்தான் அளவு ஜாக்கெட்டு வேணும். தூரத்து நட்சத்திரத்துல இருந்து இன்னைக்கு வர்ற வெளிச்சம், அங்கிருந்து கிளம்பி எத்தனையோ கோடி வருஷமாச்சு. அது கிளம்பினப்ப அணுவெல்லாம் பெருசா இருந்துச்சு. பெரிய அணு விடற வெளிச்சம் கொஞ்சம் சிவப்பா இருக்கும். வர்ற வழியில வெளிச்சம் சுருங்கறதில்லை. பழைய அளவை அப்படியே தூக்கிட்டு வருது. அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் உலகமே 'ஓடுது, ஓடுது'ங்குது. இவரு, 'ஒண்ணும் ஓடலை, அது பழைய அளவு, அவ்வளவுதான்'ங்கறாரு."

"இன்னைக்கு நீங்க ஒட்டிப் பூட்டி வெச்சிருக்கற கவரைப் பிரிச்சா ஆரு சொன்னது நெசம்னு தெரிஞ்சுரும்?"

"தெரிஞ்சுரும்."

"அப்பச் சரி. புடவையில மறைஞ்சுரும், இப்படியே போட்டுக்குங்க" என்று தோளில் மடித்து ஒரு ஊக்கைக் குத்திவிட்டாள் சரசக்கா. "நாளைக்குப் பிடிச்சுத் தாரேன். முந்தானையைத் தோளைச் சுத்திப் போத்திக்காம எல்லாரு முன்னாலயும் நின்னுறாதீங்க. ஜாக்கெட்டை ஆரும் குத்தஞ் சொல்ல மாட்டாங்க. தைச்சவளைத்தான் சொல்லுவாங்க."

*

மலைக்குள் நானூறு மீட்டர் ஆழத்தில் ஒரு அறை இருந்தது. அதைக் கூடு என்பார்கள். அதற்குள் வைத்த எதுவும் சுருங்காது என்பது தமயந்தியின் கணவன் சிற்றரசுவின் கணக்கு. அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இரண்டு அணுக் கடிகாரங்கள். ஒன்று கூட்டுக்குள், ஒன்று வெளியே. உள்ளே இருந்தது அக்கா, வெளியே இருந்தது தங்கை. அந்தப் பெயர்களை வைத்தவள் தமயந்திதான். இரண்டையும் தினமும் காலையில் போய்ச் சீர்செய்து, பேசி, அதட்டி, ஓடவைத்தவளும் அவள்தான்.

சிற்றரசு சொல்வது உண்மையென்றால், சுருங்காத அக்காவின் வெளிச்சம் சுருங்கும் தங்கையின் வெளிச்சத்தைவிடச் சிவந்துகொண்டே போகவேண்டும். ஆண்டுக்கு லட்சம் கோடியில் எழுபது பங்கு. ஆய்வகத்தில் எல்லாரும் அதை வெறும் "எழுபது" என்பார்கள். எழுபது வந்தால் சிற்றரசு ஜெயித்தான். பூஜ்யம் வந்தால் தோற்றான்.

ஆனால் எழுபது வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களின் கண்ணுக்கு எழுபதுதான் தெரியும். அதனால் ஒரு ஏற்பாடு உண்டு. அளவைக் காட்டும் கருவிக்குள், ஆய்வகத்தைச் சேராத ஒருவரை வைத்து, ஒரு மறை எண்ணைக் கலந்துவிடுவார்கள். திரையில் தெரிவது உண்மையும் மறை எண்ணும் கலந்த தொகை. என்ன கலந்திருக்கிறது என்று அவர் ஒரு காகிதத்தில் குறித்துத் தந்ததைக் கவரில் போட்டு ஒட்டி, மடிப்பின் மேல் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். எல்லாம் முடிந்தபிறகுதான் பிரிக்கவேண்டும். அலமாரிச் சாவி சிற்றரசுவிடம் இருந்தது.

அந்தக் கவரை ஒட்டிய நாள் தமயந்திக்கு நன்றாக நினைவிருக்கிறது. மலை மூடுபனியில் கடைப் பசை எதுவும் காயவில்லை. குவார்ட்டர்ஸுக்கு ஓடிப்போய் மைதா காய்ச்சினாள். பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டாள். பசை லேசான நீலமாக வந்தது. "விஞ்ஞானிக்கு வாக்கப்பட்டவளைப் பார்த்தீங்களா, போஸ்டர் ஒட்டறாப்புல ஒட்டறா" என்று சிற்றரசு எல்லார் முன்னாலும் கேலி செய்தான்.

அன்றைக்கு அவளுக்கு முப்பது வயது. கல்யாணமாகி ஒரு வருடம். கர்ப்பிணிகள் கூட்டின் பக்கம் போகக்கூடாது என்பது சுரங்கத்தின் விதி. அக்காவும் தங்கையும் அவளுடைய கைக்கு மட்டுமே அடங்கின. "நாலே வருஷம் தமா" என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் அவள் கையைப் பிடித்துச் சொன்னான். "கவரைப் பிரிச்ச மறுநாளே நீ சுரங்கத்துக்குள்ள கால் வைக்க வேண்டாம். பொண்ணு பொறந்தா பேரு நான்தான் வைப்பேன், இப்பவே சொல்லிட்டேன்."

நாலு வருடம் ஆறாயிற்று. "இன்னும் கொஞ்சம் அளக்கணும் தமா, அவசரப்பட்டா ஊரே சிரிக்கும்." ஆறு ஒன்பதாயிற்று. பொள்ளாச்சி டாக்டரம்மா முதலில் எச்சரித்தார். அப்புறம் வருத்தப்பட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஃபைலை மூடிவைத்துவிட்டு, "பரவாயில்லை, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருங்க" என்றார். இப்போது தலைமையகமே பொறுமையிழந்து, போதும், பிரியுங்கள் என்று உத்தரவு போட்டதால்தான் இந்த நாள் வந்தது.

கணவனிடம் சொல்லாத ரகசியம் ஒன்றே ஒன்று தமயந்தியிடம் இருந்தது. அதுவும் விளையாட்டாக ஆரம்பித்ததுதான்.

கல்யாணமான புதிதில் மைசூருக்கு ரயிலில் போனார்கள். வழியெல்லாம் ரம்மி. ஒரு ஆட்டம் விடாமல் சிற்றரசுவே ஜெயித்தான். மண்டியா தாண்டிய பிறகுதான் கண்டுபிடித்தாள், இருட்டிய ஜன்னல் கண்ணாடியில் அவளுடைய சீட்டெல்லாம் அவனுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. "விளையாட்டுத்தானே தமா!" என்று அவன் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் மறை எண்ணைக் கலந்த அன்று, கருவிக்குள் தன் பங்குக்கு இன்னொரு எண்ணையும் யாரிடமும் சொல்லாமல் போட்டுவைத்தாள். நூற்று மூன்றைக் கழித்து வைத்தாள். அதை எழுதி, தேதி போட்டு, கல்யாணப் படத்தின் சட்டத்துக்குப் பின்னால் செருகினாள். கவரைப் பிரிக்கும் நாளில், "எப்படி, இந்தத் தடவை கண்ணாடியில தெரியலைல்ல?" என்று கேட்டு அவனைச் சிரிக்கவைக்க நினைத்திருந்தாள்.

இன்று காலை படத்தைக் கழற்றி, பழுத்துப்போன அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்துக் கைப்பையில் வைத்திருந்தாள்.

*

பத்து மணிக்குக் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். தலைமையகத்திலிருந்து மூன்று பேர் வந்து முன்வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கணினி முன்னால் நசீமா. மூன்று வருடமாக தமயந்தியிடம் கடிகாரங்களைப் பழகிக்கொண்டிருந்த கோயமுத்தூர்ப் பெண்.

"அக்கா, சாரைப் பாருங்க, நமக்குப் பரீட்சை வெச்சவரு மாதிரி உட்கார்ந்திருக்காரு."

சிற்றரசு அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். காதோரம் நரைத்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், யாரையும் பார்க்காமல். எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்து கவரை எடுத்துவந்து மேசைமேல் வைத்தான்.

பிரிப்பதற்கு முன் ஒரு முறை உண்டு. கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராகக் கவரைக் கையில் வாங்கிப் பார்த்து, "என் கையெழுத்து, கலையவில்லை" என்று சொல்லவேண்டும். சிற்றரசு சொன்னான். ஓய்வுபெற்றுப் போயிருந்த பழைய நிர்வாக அதிகாரி கண்ணாடியை ஏற்றிப் பார்த்துச் சொன்னார். கவர் தமயந்தியிடம் வந்தது.

கையெழுத்து அவளுடையதுதான். மடிப்போடு சரியாகப் பொருந்தித்தான் இருந்தது. பெருவிரலால் மடிப்பைத் தடவினாள். மைதாப் பசை காய்ந்தால் சொரசொரப்பாக, ஓரத்தில் பொருக்குத் தட்டி நிற்கும். இது வழவழவென்றிருந்தது. வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தாள். ஓரத்தில் கசிந்து காய்ந்திருந்த பசை கண்ணாடி போலப் பளபளத்தது. நீலம் ஒரே ஒரு மூலையில் கோடு போல ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு நொடி அவளுக்கு எதுவும் புரியவில்லை. அப்புறம் எல்லாமே புரிந்தது.

"ஒரு அஞ்சு நிமிஷம்" என்றாள். கவரை மேசைமேல் வைத்துவிட்டு, "ஏனுங்க, கொஞ்சம் வெளிய வாங்க" என்று நடந்தாள்.

*

சுரங்கத்தின் வாசலில் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே தேயிலைச் சரிவில் மஞ்சுமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பினாள்.

"எப்பப் பிரிச்சீங்க?"

"என்ன தமா இது, உள்ள எல்லாரும் காத்திட்டு..."

"நான் காய்ச்சின பசை நீலமா இருக்கும். நீங்கதான் கேலி பண்ணீங்க. எப்பப் பிரிச்சீங்க?"

எந்தக் கேள்விக்கும் மூன்று பதில் வைத்திருக்கிற மனிதன் அவன். இப்போது, "நாலாவது வருஷம்" என்று மட்டும் சொன்னான். "தீபாவளிக்கு நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப. இட்லிப் பானை ஆவியில காட்டினேன். சுலபமா வந்துருச்சு."

"எந்த இட்லிப் பானை?"

"என்ன கேள்வி இது? நம்ம வீட்டு இட்லிப் பானைதான்."

அந்தப் பானையில்தான் இன்று காலையும் இட்லி ஊற்றியிருந்தாள்.

"தப்பா எதுவும் செய்ய நினைக்கலை தமா. எழுபதுன்னு தெரிஞ்சதும் நீ வந்தவுடனே உன்கிட்ட மட்டும் சொல்லணும்னுதான் இருந்தேன். நாலு வருஷம் முடிய ரெண்டு மாசம்தான் பாக்கி. யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன்."

"எழுபது வரலையாக்கும்."

"வரலை."

"அப்ப எனக்கு முப்பத்திநாலு வயசு" என்றாள் தமயந்தி. குரல் உயரவில்லை. "முப்பத்தாறுல டாக்டரம்மா இதுக்கு மேல தள்ளாதீங்கன்னு சொன்னப்ப நீங்க என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தீங்க. 'ஒரே வருஷம் டாக்டர், உலகமே எங்க முடிவுக்குக் காத்திட்டிருக்கு'ன்னீங்க. உலகம் காத்திட்டிருந்துச்சு சரி. நீங்க எதுக்குங்க காத்திட்டிருந்தீங்க? உங்களுக்குத்தான் தெரியுமே?"

"மாறும்னு நம்பினேன். இன்னும் அளந்தா, இன்னும் நிறைய அளந்தா மாறிடும்னு. சைபர் வந்திருந்தா தோத்துட்டேன்னு அன்னைக்கே ஒத்துக்கிட்டிருப்பேன் தமா, சத்தியமா. இது எதுலயும் சேராத நம்பரா இருந்துச்சு. உன் கடிகாரத்துல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். சொன்னா நீ உடைஞ்சு போயிடுவியேன்னுதான்..."

"என் கடிகாரத்துலயா?"



ஏழு வருடம். ஒவ்வொரு கூட்டத்திலும் மேடையேறி, "என் மனைவியின் கடிகாரங்கள் பொய் சொல்லாது" என்று இந்த மனிதன் பேசியிருக்கிறான். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து வெட்கப்பட்டிருக்கிறாள். காய்ச்சலோடு, மாமனார் காரியத்துக்கு மறுநாள், தலைவலியோடு, மழையோடு, ஒரு நாள் தவறாமல் மலைக்குள் இறங்கி அக்காவையும் தங்கையையும் சீர்செய்திருக்கிறாள். அவனோ அவை இரண்டும் கெட்டுப்போனவை என்று நினைத்துக்கொண்டே, அவளுக்குச் சோறு பரிமாறி, அவளோடு படுத்து எழுந்து, ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

"அந்த நம்பர் என்ன?" என்று கேட்டாள்.

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

"மைனஸ் முப்பத்தி மூணு."

பாறையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது. தமயந்தி கணக்குப் போடவில்லை, அது தானாகவே போட்டுக்கொண்டது. அவள் கழித்து வைத்த நூற்று மூன்றைத் திரும்பச் சேர்த்தால்...

கம்பித் தடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நூத்தி மூணு" என்றாள்.

"என்ன?"

கைப்பையைத் திறந்து துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். "மைசூர் ரயில் ஞாபகமிருக்கா? ஜன்னல் கண்ணாடியில என் சீட்டைப் பார்த்து ஜெயிச்சீங்களே. அதை நினைச்சுத்தான் கவர் நம்பரோட என் நம்பரையும் ஒண்ணு சேர்த்துக் கலந்து வெச்சேன். யாருக்கும் தெரியாது. நூத்தி மூணு கழிச்சிருக்கேன். இன்னைக்குச் சொல்லி உங்களைச் சிரிக்க வைக்கலாம்னு இருந்தேன்."

சிற்றரசு காகிதத்தைப் பார்த்தான். உதடு ஒரு தரம் அசைந்தது. அப்புறம் அவன் முகத்தில், கல்யாணமான புதிதில் அவள் பார்த்த அதே வெளிச்சம் வந்தது.

"எழுபது!" என்று கத்தினான். "தமா, எழுபது! நான் சொன்னது சரி! அப்பவே சரி! கடவுளே, எழுபதுடீ!" அவளுடைய தோள்களை இரண்டு கையாலும் பற்றிக் குலுக்கினான். கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தான். சரசக்கா குத்திய ஊக்கு நெகிழ்ந்து தோளில் ஏறியது. அவன் கவனிக்கவில்லை. அவளை விட்டுவிட்டு, கூடத்தைப் பார்த்து நாலு எட்டு ஓடியே போய்விட்டான்.

தமயந்தி நின்ற இடத்திலேயே நின்றாள். கவரைப் பிரித்ததைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பாளோ என்னவோ. இந்த நாலு எட்டை அவளால் மன்னிக்க முடியும் என்று தோன்றவில்லை.

ஐந்தாவது எட்டில் அவன் நின்றான். திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான். ஏழு வருடமும் அப்போதுதான் அவனுக்கு எட்டியது. மெல்லத் திரும்பி வந்தான்.

"அன்னைக்கே நீ சொல்லியிருந்தா..." என்றான். "அன்னைக்கே இந்த நூத்தி மூணு எனக்குத் தெரிஞ்சிருந்தா, ரெண்டே மாசத்துல எல்லாம் முடிஞ்சிருக்கும் தமா. நமக்கு... நமக்குன்னு ஒரு..."

"நீங்க பிரிக்காம இருந்திருந்தாலும் ரெண்டே மாசத்துல முடிஞ்சிருக்கும்."

"நீ என்னை நம்பலை. மொத நாள்ல இருந்தே நம்பலை."

அது சுருக்கென்று தைக்கத்தான் செய்தது. அவள் மறுக்கவில்லை.

"ஆமாங்க, நம்பலை. ஒரே ஒரு நம்பர் அளவுக்கு நம்பலை. மத்த எல்லாத்துக்கும் நம்பினேன்."

இத்தனை வருடமும் அவன்தான் தன்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். முதலில் சாப்பாட்டு நேரம் தனித்தனியானது. அப்புறம் வெளியூர்க் கூட்டங்கள், அப்புறம் பேச்சே குறைந்தது. பெரிய மனிதனாகிறான், தூரம் கூடத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். இப்போது பார்த்தால் அவன் எங்கும் போகவில்லை. அந்த ரயில் ஜன்னலோரத்தில் எப்படி உட்கார்ந்திருந்தானோ, அப்படியேதான் இருக்கிறான். ஒரு வருடத்தை விட்டுக்கொடுத்து, ஒரு ஆசையை விட்டுக்கொடுத்து, ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டு, துளித்துளியாகக் குறைந்துகொண்டே வந்தவள் அவள்தான்.

"உள்ள என்ன சொல்லப் போறே?" என்று கேட்டான் சிற்றரசு. முதல் தடவையாகப் பயந்த குரல். "எழுபது வந்துருச்சு தமா. அது மட்டும் போதும்ல? பசையைப் பத்தி யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே நடந்தாள்.

*

முப்பது பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். தமயந்தி மேசைமேல் இருந்த கவரை எடுத்தாள்.

"கையெழுத்து என்னுடையது" என்றாள். "பசை என்னுடையது இல்லை. இந்தக் கவர் ஏழு வருடத்துக்கு முன்னால் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிரித்தவர் பெயரை அவரே சொல்வார்."

கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. வாசலில் நின்றிருந்த சிற்றரசு தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான்" என்றான்.

முன்வரிசைக் கோட்டுக்காரர் எழுந்துவிட்டார். "அப்படியானால் பதினோரு வருட வேலையும் செல்லாதே அம்மா!"

"செல்லும். இன்னொரு பூட்டு இருக்கிறது." துண்டுக் காகிதத்தை நசீமாவிடம் கொடுத்தாள். "கருவியோட பழைய பதிவுல முதல் நாளைத் தேடிப் பாரு நசீமா. இந்த எண் இருக்கான்னு சொல்லு."

நசீமாவின் விரல்கள் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. "இருக்குக்கா. நூத்தி மூணு. அதே தேதி." துண்டுக் காகிதத்தைத் திரையோடு வைத்து இன்னொரு முறை பார்த்தாள். "பிரிச்சவங்களுக்கும் உண்மை தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை. அப்ப... அப்ப நான் கூட்டிப் பார்க்கட்டுமா?"

"பாரு."

கவரைப் பிரித்து, உள்ளிருந்த மறை எண்ணை நீக்கி, நூற்று மூன்றைக் கூட்டியதும் எழுபது வந்தது. பதினோரு வருடத் துல்லியத்தோடு, இம்மி பிசகாமல். பிரபஞ்சம் விரியவில்லை. யாரோ கைதட்ட ஆரம்பித்து, யாருக்காகத் தட்டுவது என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினார்கள். உலகத்தையே புரட்டிப்போடும் முடிவைக் கண்டுபிடித்தவன், கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் தனியே உட்கார்ந்திருந்தான். அவனருகே போய்க் கைகுலுக்க ஒருவருக்கும் கால் வரவில்லை. தமயந்தியின் கடிகாரங்கள் இரண்டும் எதுவும் தெரியாததுபோல ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நொடியும் அவை பொய் சொல்லியிருக்கவில்லை.

கேன்டீனில் சரசக்கா அவளைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"அம்மிணி, தோளுல ரத்தமுங்க! ஊக்கு குத்திருச்சுங்களா?" உட்காரவைத்து, முந்தானையால் ஒற்றி, ஊக்கை மெதுவாகக் கழற்றினாள். முகத்தைப் பார்த்தவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "கழட்டிக் குடுங்க, இப்பவே பிரிச்சுப் பிடிச்சுத் தாரேன். அந்த அளவு ஜாக்கெட்டு இங்கதான் எங்கியோ வெச்சேன்..."

"அது வேண்டாங்க சரசக்கா" என்றாள் தமயந்தி. எழுந்து நின்று இரண்டு கைகளையும் விலக்கிக்கொண்டாள். "டேப்பை எடுங்க. இன்னைக்கு நான் எவ்வளவு இருக்கேனோ, அதை அளங்க."